கொடுத்த நெஞ்சு

இப்போதெல்லாம் யாரும் ஆளை முகம் பார்த்துப் பேசுவதில்லை. ரேஷன் கடைக்குப் போனால் விரலை வை என்கிறான். முப்பது வருஷமாக அதே கடையில் அரிசி வாங்குகிறேன். மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தால் நான் நான் இல்லையாம். பேங்கில் பென்ஷனுக்குப் போய் எதிரே நின்றால், உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்கிறாள் ஒரு பெண். என் பேரன் இந்த அறையில் உட்கார்ந்துகொண்டு அந்த அறையில் இருக்கிற அம்மாவுக்குப் போனில் மெசேஜ் போடுகிறான்.

பேய்க் கதை கேட்கிறவர்களும் இப்போது அப்படித்தான். வெள்ளைப் புடவை வேண்டும், கொலுசுச் சத்தம் வேண்டும். என்னிடம் அதெல்லாம் கிடையாது. நடந்தது மட்டும்தான் இருக்கிறது. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. இருபத்தெட்டு வருஷம் பூமிக்கு அடியில் தங்கம் வெட்டியவன் நான். பேய் என்று ஒன்று இருந்தால் அங்கேயே பார்த்திருப்பேன்.

ஆனால் இது நடந்தது. 2023, நவம்பர் 21, செவ்வாய்க்கிழமை. சாட்சிக்கு என் மகள் வாணி இருக்கிறாள். படமும் இருக்கிறது.

என் பெயர் சௌந்தரராஜன். மாரிகுப்பத்தில் சுரங்கக் கம்பெனி கொடுத்த லைன் வீடு. வயது எழுபது. பீடி ஐம்பது வருஷம், சுரங்கத் தூசி இருபத்தெட்டு வருஷம். நுரையீரல் நைந்த பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாகிவிட்டது என்று டாக்டர்கள் சொல்லிப் பல வருஷம் ஆகிறது. அன்று காலையிலிருந்து மூச்சு ஏறவே இல்லை. கக்கூசுக்குப் போய்த் திரும்புவதற்குள் மூன்று இடத்தில் நின்றேன். வாணி தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவள். லீவு போட்டு, அதற்கு ஒரு மணி நேரம் முணுமுணுத்து, என்னை ஆண்டர்சன்பேட்டையில் ஒரு நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே ரவிகுமார் என்று ஒரு சின்ன வயசு டாக்டர். எக்ஸ்ரே எடுத்து விளக்கில் மாட்டினார். இடது பக்கம் மேல் பாதி கறுப்பு. ஒரு கோடுகூட இல்லாத கறுப்பு.

"இன்னா டாக்டர் அது?"

"காத்து. ஆனா எங்க நிக்குதுன்னு தெரியல. நுரையீரல் கிழிஞ்சி காத்து வெளிய கசிஞ்சி நெஞ்சுக்கூட்டுல நிக்கலாம். இல்ல, நுரையீரலுக்கு உள்ளயே பெரிய கொப்புளமா ஊதிக்கினு இருக்கலாம். எக்ஸ்ரேல ரெண்டும் ஒரே மாதிரி தெரியும்."

"எதுவா இருந்தா இன்னா?"

"கசிஞ்ச காத்துன்னா விலாவுல ஓட்டை போட்டு டியூப் வைக்கணும். லேட் பண்ணா உயிருக்கு ஆபத்து. கொப்புளம்னா டியூப் வைக்கவே கூடாது. வெச்சா கொப்புளம் கிழிஞ்சிடும், அப்புறம் மூடாது. அதுலயும் உயிருக்கு ஆபத்து."

இதையெல்லாம் அவர் வாணியைப் பார்த்துச் சொன்னார். சாகப்போகிறவன் நான் அல்லவா? என்னைப் பார்க்கவில்லை.

"சிடி ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சிடும். இப்பவே போங்க."

பங்காருப்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டர். நாங்கள் போய் இறங்கும்போது மணி 6.25. நன்றாக இருட்டிவிட்டது. மெஷின் ஓட்டுகிறவன் சுனில் என்று ஒரு பையன். முப்பது வயது இருக்கும்.

"வாங்க தாத்தா. காலைலேர்ந்து மெஷின் ரிப்பேரு. இப்பதான் சரியாச்சி. நீங்கதான் போனி."

"ஸ்கேனுக்கு இன்னாடா போனி?"

சிரித்தான். சட்டையைக் கழற்றி, அரைஞாண் கயிற்றில் இருந்த வெள்ளித் தாயத்தையும் அவிழ்த்து வாணியிடம் கொடுத்தேன். உள்ளே போனேன்.

மணி 6.38. சுவரில் பெரிய கடிகாரம் இருந்தது. அதனால்தான் நேரம் சொல்கிறேன்.

படுக்கிற பலகையில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. அதன் நடுவில் சாம்பல் நிறத்தில் தூசி. இரண்டு தோள், நடுவில் முதுகெலும்புக் கோடு... ஒரு ஆள் படுத்து எழுந்த மாதிரி. விரலால் தொட்டேன். நறநறவென்று இருந்தது. பாறையில் டிரில் போடும்போது ஓட்டையிலிருந்து வருகிற மாவு அது. இருபத்தெட்டு வருஷம் தின்ற மாவு. எனக்குத் தெரியாதா?

"இன்னாடா இது? நான்தான் போனின்ன?"

"ஏசி தூசி தாத்தா." துணியை மாற்றினான்.

படுத்தேன். மேலே ஏசி. ஆனால் குளிர் கீழேயிருந்து வந்தது. ஈரக் கல்லில் படுத்த மாதிரி.

"கன்னடத்துல ஒரு பொம்பள குரல் வரும் தாத்தா. மூச்சை இழுத்துப் புடிக்கச் சொல்லும். கொஞ்ச நேரம் கழிச்சி விடச் சொல்லும். அப்டியே செய்ங்க. அப்பால மூச்சை வெளிய விட்டுட்டு இன்னொரு படம். அவ்ளோதான்."

கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்டான். பலகை நகர்ந்தது. சரியாகப் படுத்திருக்கிறேனா என்று பார்க்க, சும்மா ஒரு முன்படம் எடுத்தான். மணி 6.44. கதவு திறந்தது.

"தாத்தா, உள்ள இரும்பு எதாச்சும் கட்டிக்கினு கீறீங்களா?"

"எல்லாம் அவுத்துட்டேன்."

"நெஞ்சுல ஆபரேசன்?"

"இல்லடா."

"இடது முதுகுப் பக்கம் வெள்ளையா ஒண்ணு தெரியுது. இரும்புதான். புளியங்கொட்டை சைசு."

ஒரு ஆளின் நினைப்பு வந்தது. தள்ளிவிட்டேன்.

சுனில் எனக்குக் கீழே கைவிட்டுத் தடவினான். துணியை உதறினான். மறுபடி முன்படம் எடுத்தான்.

"இப்பவும் கீது தாத்தா."

"உன் மெஷின்ல இருக்கும். பாத்துக்க."

போய்விட்டான். பலகை உள்ளே போனது. தலைக்கு மேல் வளையம் சுற்ற ஆரம்பித்தது. ஊ...ங் என்று ஒரு சத்தம். கன்னடக் குரலுக்காகக் காத்திருந்தேன்.

மணி 6.47.

"தம் புடி மச்சான்."

ஆம்பளைக் குரல். தமிழ். என் இடது காதுக்குப் பக்கத்தில்.

பாறையில் போட்ட ஓட்டையைக் காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது தூசி பீறிட்டு வரும். டிரில் பிடிக்கிறவன் பின்னால் நிற்கிறவனுக்கு அப்படித்தான் கத்துவான். தம் புடி.

பிடித்தேன். பழக்கம். உடம்பு தானாகப் பிடித்துக்கொண்டது.

வெடிமருந்து வாசனை வந்தது.

எனக்குக் கீழே பலகை இல்லை... ஒரு முதுகு. என் முதுகோடு ஒட்டிய இன்னொரு முதுகு. விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது.

அது ஏறவில்லை. இறங்கவில்லை.

பத்து எண்ணினேன். இருபது.

விடு என்று யாரும் சொல்லவில்லை.

முப்பது...

கண் இருண்டது. வாய் திறக்கவில்லை.

"புடி மச்சான்."

அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது சுனில் என் கன்னத்தில் தட்டிக்கொண்டிருந்தான். மணி 6.53. அவன் முகம் வெளுத்திருந்தது.

"இன்னா தாத்தா நீங்க? விடுங்க விடுங்கன்னு மைக்ல கத்தறேன். ரெண்டாவது படமும் ஓடிடுச்சி, நீங்க கல்லு மாதிரி கெடக்கறீங்க."

"தமிழ்ல யாருடா பேசினது?"

"தமிழ் கெடையாது தாத்தா. இந்த மெஷின்ல கன்னடமும் இங்கிலீசும்தான்."

எழுந்து பலகையைத் திரும்பிப் பார்த்தேன். அவன் மாற்றிப் போட்ட துணியில் மறுபடி தூசி. தோள் அகலம் என்னுடையது இல்லை. அகலமான தோள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். ரிப்போர்ட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நினைத்தேன் என்று சொல்கிறேன். வாணிக்குச் சொல்லவில்லை.

டென்சில் என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவன். நல்ல உடம்பு. 1984இல் டிரில் கம்பி முறிந்து, புளியங்கொட்டை அளவு இரும்பு அவன் இடது தோள்பட்டைக்குக் கீழே பாய்ந்தது. ஆழமாகப் போய்விட்டது, தோண்டினால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர்கள் விட்டுவிட்டார்கள். அதோடு வேலை பார்த்தான்.

கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு தடவை நெஞ்சு எக்ஸ்ரே. படத்தில் தூசிப் புள்ளி தெரிந்தால் ஆளைச் சுரங்கத்திலிருந்து மேலே ஏற்றிவிடுவார்கள். மேல் வேலைக்குக் கூலி குறைவு. எக்ஸ்ரே அறையில் இருக்கிறவன் டோக்கன் நம்பரைப் பார்ப்பான், முகத்தைப் பார்க்க மாட்டான். அதனால் இருமல் கண்ட ஆள் தன் டோக்கனை நல்ல நெஞ்சுக்காரனிடம் கொடுத்து அனுப்புவான். அதற்கு எங்களுக்குள் ஒரு பெயர் உண்டு. நெஞ்சு கொடுப்பது.

டென்சிலுக்கு 1988இலிருந்து 1992 வரை, ஐந்து வருஷம், நான் நெஞ்சு கொடுத்தேன்.

சும்மா கொடுக்கவில்லை. டிரில்லை இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். என் முறையையும் அவனே பிடிக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். அவன் தூசிக்கு முன்னால் நின்றான். நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். ஒவ்வொரு வருஷமும் என் நெஞ்சு சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு வருஷமும் அவன் கூடுதலாக இருமினான்.

"போதும்டா, மேல போயிடு" என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

1993இல் வேலைக்கே வர முடியாமல் படுத்தான். 1996இல் செத்தான். கடைசியாகப் பார்க்கப் போனபோது தலையணைமேல் குனிந்து உட்கார்ந்திருந்தான். இடது பக்க நெஞ்சு ஊதிக் கிடந்தது. பேச்சு இல்லை. என் முகத்தை அவன் பார்க்கவில்லை. என் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் பெண்டாட்டி பியாட்ரிஸ் நஷ்ட ஈடு கேட்டு மனு போட்டாள். விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். மேஜைமேல் அவன் கடைசி ஐந்து வருஷத்துப் படம். ஐந்தும் சுத்தம். தூசியால் சாகவில்லை என்றார் விசாரித்தவர்.

"சார், என் வூட்டுக்காரு முதுகுல இரும்பு இருந்திச்சி. இந்தப் படத்துல எங்க சார் இரும்பு? அப்ப இது அவரு நெஞ்சே இல்ல சார்."

அவர் என் பக்கம் திரும்பினார். "கூட வேலை பார்த்தவன் நீதானே? இரும்பு இருந்ததா?"

"அது அப்பவே எடுத்துட்டாங்க சார்."

பியாட்ரிஸ் என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். "அண்ணே, உங்க நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்கண்ணே."

தொட்டேன். சொன்னேன்.

ஆள் மாறாட்டம் என்று தெரிந்தால் என் வேலை போயிருக்கும். லைன் வீடு போயிருக்கும். வாணிக்கு அப்போது எட்டு வயது. பியாட்ரிஸ் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டாள். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை.

மணி 8.05. ரிப்போர்ட் வந்தது. அதற்குள் ரவிகுமார் டாக்டருக்குப் படம் போனில் போய்விட்டது. 8.50க்கு ஆண்டர்சன்பேட்டையில் என்னை மேஜையில் படுக்கவைத்துவிட்டார்கள்.

"கொப்புளம் இல்ல. கசிஞ்ச காத்துதான்" என்றார் டாக்டர். "நுரையீரல் சுருங்கிப் போச்சி. இப்பவே டியூப் வைக்கணும். உள்ள ஒரு இரும்பு வேற கீது. இன்னா அது?"

"அது என்னுது இல்ல."

"உங்க நெஞ்சுல இருந்தா உங்களுதுதான். எக்ஸ்ரேல விழாம போயிருக்கும்."

"அது என் படமே இல்ல டாக்டர். மாறிப்போச்சி."

"இன்னைக்கு அங்க எடுத்தது ஒரே ஒரு ஸ்கேன். உங்க பேரு போட்டிருக்கு. டைம் போட்டிருக்கு."

"என் முதுகப் பாரு. இரும்பு பூந்திருந்தா தழும்பு இருக்கணும் இல்ல? கையால தடவிப் பாரேன்!"

"சின்னத் தழும்பு மறைஞ்சிருக்கும் தாத்தா. அசையாதீங்க."

தடவவில்லை. என் விலாவில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். வாணி ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

"வாணி, வாணாம்னு சொல்லு. என்னுது கொப்புளமா இருந்தா, குத்துனா செத்துடுவேன்."

"படத்துல தெளிவா கீதே நைனா!"

"அது வேற ஆளு."

"யாரு?"

மரத்துப்போவதற்கு ஊசி போட்டாயிற்று. டாக்டர் கையில் கத்தி.

"சொல்லு நைனா. யாருது அது?"

ஒரு பெயர். அதைச் சொல்லியிருந்தால் அவள் என் பேச்சைக் கேட்டிருப்பாள். கத்தி நின்றிருக்கும். ஆனால் பெயரைச் சொன்னால் எப்படி என்று கேட்பாள். ஐந்து படத்தையும் சொல்ல வேண்டும். நெஞ்சைத் தொட்டதையும் சொல்ல வேண்டும்.

சொல்லவில்லை. காலால் தட்டை உதைத்தேன். கத்தியும் டியூபும் தரையில் விழுந்தன. சட்டையைக்கூடப் போடாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். மணி 9.20.

"கெழவா, சாவு!" என்று என் மகள் பின்னாலிருந்து கத்தினாள். அழுதுகொண்டே கத்தினாள். அப்புறம் அவளேதான் ஆட்டோ பிடித்தாள்.

அன்று ராத்திரி நாற்காலியில் குனிந்து உட்கார்ந்தே கழித்தேன். படுக்க முடியவில்லை. முதுகை எதிலும் சாய்க்கப் பிடிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பவ்யா என்று ஒரு பெண் டாக்டர். கன்னடக்காரி, தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசுவாள். புதிதாக ஒரு ஸ்கேன் எடுத்தாள். கன்னடப் பொம்பளைக் குரல்தான் வந்தது. இழு என்றது, பிடி என்றது, விடு என்றது. விட்டேன்.

படத்தைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "பெரிய கொப்புளம். கசிவு இல்லே. டியூப் போட்டிருந்தா இவர் இன்னிக்கு இங்கே இல்லே."

"இரும்பு?" என்றாள் வாணி.

"இரும்பா? ஒண்ணும் இல்லியே."

வாணி கைப்பையிலிருந்து பங்காருப்பேட்டை ஸ்கேன் பதிவான சிடி தட்டை எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் கம்ப்யூட்டரில் போட்டாள். படங்களை முன்னால் ஓட்டினாள், பின்னால் ஓட்டினாள். படத்தைப் பெரிதாக்கினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள்.

"இது யாரு?"

"எங்க நைனாதான் மேடம். பேரு, தேதி, டைம் எல்லாம் பாருங்க. 18.47."

"இல்லேம்மா. மூச்சு இழுத்தப்போ ஒரு படம் எடுத்திருக்காங்க. மூச்சு விட்டப்போ ஒரு படம் எடுத்திருக்காங்க. ரெண்டும் ஒண்ணேதான். ஒரு நூல் அளவுகூட மாறலே." திரையில் விரலை வைத்தாள். "அதைக்கூட விடுங்க. இங்கே பாருங்க, இது இதயம். உயிரோட இருக்கிறவங்களை ஸ்கேன் பண்ணா இதயம் துடிச்சிட்டே இருக்கும். அதனாலே படத்திலே இதோட ஓரம் கலங்கிப்போயித்தான் வரும். யாருக்கு எடுத்தாலும் அப்படித்தான். இதிலே பாருங்க. கல்லிலே செதுக்கின மாதிரி இருக்கு."

"அப்டின்னா?"

"படம் எடுக்கும்போது இந்த ஆள் உயிரோட இல்லேம்மா."

வாணி திரும்பி என்னைப் பார்த்தாள். டாக்டரும் பார்த்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் இரண்டு பேர் படத்தை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

"நைனா. யாரு அது?"

"மெஷின் ரிப்பேருன்னு அந்தப் பையனே சொன்னான் இல்ல? ரிப்பேரு மெஷின்ல அப்டித்தான் வரும்."

"நைனா..."

"எனக்குத் தெரியாது."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். மாடிப்படி. நாலு படி இறங்கினால் நின்று மூச்சு வாங்க வேண்டும். நின்றேன். இறங்கினேன். செத்து இருபத்தேழு வருஷம் ஆனவனுக்கு எந்த ஊரில் ஸ்கேன் எடுப்பார்கள்? மேலேயிருந்து வாணி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றும் நம்பவில்லை, இப்போதும் நம்பவில்லை.